வடக்கு மேலே ஏறிய வரலாறு

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குச் சில நாட்கள் முன்னர், நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறு நிகழ்ச்சி நேர்ந்தது. வகுப்பறைச் சுவரில் பாரத நாட்டின் தேசப்படம் ஒன்று தொங்குகிறது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன், மற்ற பிள்ளைகள் விளையாடப் போன பின்னும், அதன் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். "என்ன தம்பி பார்க்கிறாய்?" என்று கேட்டோம்.

"நம்ம ஊர் ஏன் மாமா கீழே இருக்கு?" என்றான்.

மெல்ல விசாரித்ததில் செய்தி வெளிவந்தது. பள்ளியில் உடன் பயிலும் நண்பன் ஒருவன், "நாங்கள் மேலே இருப்பவர்கள், நீங்கள் கீழேயிருந்து வந்தவர்கள்" என்று படத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லியிருக்கிறான். "கீழேன்னா மட்டமா மாமா?" என்று நம் சிறுவன் கேட்டபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன.

உருண்டையான பூமிக்கு மேல் ஏது, கீழ் ஏது என்று சொல்லி அன்று அவனை அனுப்பிவிட்டோம். சொன்னது உண்மையே; ஆயினும் அது விடையன்று என்பது வீடு திரும்பும் வழியிலேயே நமக்குப் புலப்பட்டது. உருண்டைக்கு மேல் கீழ் இல்லையெனில், உலகத்துத் தேசப்படங்களிலெல்லாம் வடதிசை எப்படித் தலைப்பக்கம் போய் அமர்ந்தது? யார் அமர்த்தினார்? பிள்ளைக்குக் கடன்பட்ட விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

இக்கேள்விக்குப் பலரும் சட்டெனச் சொல்லும் விடைகள் இரண்டு. துருவ நட்சத்திரம் வடக்கே அசையாமல் நிற்கிறது என்பது ஒன்று. காந்த ஊசி வடக்கைக் காட்டுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் கேட்பதற்கு நன்றாகவே உள்ளன. ஆனால் காந்த ஊசிக்கு முனை இரண்டு. ஒரு முனை வடக்கைக் காட்டும்போது மறுமுனை தெற்கைக் காட்டியே தீரும். அதனை முதன்முதல் கண்டறிந்த சீனர்கள் அக்கருவிக்கு இட்ட பெயரே 'தெற்கு காட்டும் ஊசி' என்பதாகும். வியப்பு என்னவெனில், தெற்கு காட்டும் ஊசியைக் கையில் வைத்திருந்த அதே சீனர்கள் வடக்கை மேலே வைத்துப் படம் வரைந்தனர். 1136-இல் கல்லில் செதுக்கப்பட்ட சீன தேசப்படம் ஒன்று சியான் நகரில் இன்றும் இருக்கிறது. கட்டங்கள் இட்டு, நதிகளையும் கடற்கரையையும் இக்காலத்தவரும் மெச்சும்படி பொறித்த படம் அது. அதில் வடக்கே மேல். பேரரசர் வடக்கே அமர்ந்து தெற்கு நோக்குவார், குடிகள் வடக்கு நோக்கி அவரைப் பணிவர், ஆதலின் வடக்கு மேலாயிற்று என்று சிலர் காரணம் காட்டுவர். எவ்வாறாயினும் ஊசி அதற்குக் காரணமன்று.

மேனாடுகளின் பழைய படங்களையும் நோக்குவோம். இங்கிலாந்து நாட்டு ஹெரபோர்டு தேவாலயத்தில் ஏறத்தாழ 1300-இல் தோலில் தீட்டப்பட்ட உலகப்படம் ஒன்று உளது. அதில் ஜெருசலேம் நடுவில்; கிழக்கே மேலே. ஞாயிறு எழும் திசையில் ஆதிமனிதரின் தோட்டம் இருந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அதனை உச்சியில் வைத்தனர். அந்தப் படத்தில் இந்தியா எங்கே என்று தேடினால், உச்சிக்கருகில், அத்தோட்டத்திற்கு அண்மையில் காண்கிறோம். படம் வரைந்தவர்களின் சொந்த நாடாகிய பிரிட்டனோ இடப்புறம் கீழ் மூலையில் விளிம்போடு நெருக்குண்டு கிடக்கிறது. படம் வரைபவன் தன் நாட்டையே மேலே வைப்பான் என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

அரபு நாட்டு அறிஞர்களின் வழி வேறு. அல் இத்ரீசி என்பார், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் ஆதரவில் 1154-இல் முடித்த பெருநூலில் உலகப்படம் வரைந்தார். அதில் தெற்கே மேல். வெனிஸ் நகரத்துத் துறவியான பிரா மௌரோ என்பவர் 1450-ஐ ஒட்டி வரைந்த பெரிய வட்டப் படத்திலும் தெற்கே மேல். இப்படங்களைப் பழக்கமில்லாத கண்ணோடு பார்த்தால் முதலில் ஒன்றும் விளங்காது; தலைகீழாகத் திருப்பியவுடன் மத்தியதரைக் கடலும் அரபிக் கடலும் நமக்குத் தெரிந்தவையாகிவிடும்.

1500-இல் எர்ஹார்டு எட்ஸ்லாவுப் என்ற ஜெர்மானியர் அச்சிட்ட படமும் சுவையானது. ரோம் நகருக்கு யாத்திரை போவோருக்கென்றே அமைந்த வழிப்படம் அது. யாத்திரிகர் வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்கள். ஆகவே புறப்படும் ஜெர்மனி கீழே. போய்ச் சேரும் ரோம் மேலே. நடப்பவனுக்கு முன்னால் இருப்பதே மேல் என்பது எளிய நியாயம். இன்று கைப்பேசியின் வழிகாட்டிப் படமும் நாம் வண்டியைத் திருப்பும் திசைக்கெல்லாம் தானும் திரும்பிக்கொள்கிறதன்றோ? ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய யாத்திரிகனின் படம் மீண்டும் நம் சட்டைப்பைக்கு வந்திருக்கிறது.

இத்தனை 'மேல்'களும் இருந்த உலகத்தில் வடக்கு மட்டும் வென்றது எவ்வாறு? அதற்கு நாம் அலெக்ஸாந்திரியா நகருக்குப் போக வேண்டும்.

எகிப்து நாட்டுக் கடற்கரை நகரமாகிய அங்கே, கி.பி. 150-ஐ ஒட்டி வாழ்ந்தவர் கிளாடியஸ் தாலமி. வான நூல் வல்லவராகிய இவர் பூகோள நூல் ஒன்றும் இயற்றினார். அதில் ஏறத்தாழ 8,000 இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்குகள் தந்துள்ளார். படம் அழிந்தாலும் எண்கள் இருந்தால் எவரும் எங்கும் மறுபடி வரைந்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். மிக உயர்ந்த எண்ணம் என்றே சொல்ல வேண்டும்.

இந்நூலின் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் ஓரிடத்தில் நாம் தேடிய செய்தி கிடைக்கிறது. இடங்களை எந்த வரிசையில் எழுதுவது என்று தாலமி அங்கே விளக்குகிறார். வரைபவனின் கை ஏற்கெனவே குறித்த இடத்திலிருந்து இனிக் குறிக்கவேண்டிய இடத்திற்கு நகர வேண்டும். அதற்கு வடக்கிலுள்ளவற்றை முன்னும் தெற்கிலுள்ளவற்றைப் பின்னும், மேற்கிலுள்ளவற்றை முன்னும் கிழக்கிலுள்ளவற்றைப் பின்னும் எழுதுவது வசதி. ஏனெனில் பார்ப்பவனுக்கு வடக்கு மேலாகவும் கிழக்கு வலமாகவும் அமைவது நமது வழக்கம் என்பது அவர் சொல்வதன் சாரம். அவ்வளவே! வடக்கு உயர்ந்தது என்றோ, புனிதமானது என்றோ ஒரு சொல்லும் இல்லை. அந்த வழக்கம் ஏன் தோன்றியது என்றும் அவர் கூறவில்லை. எழுதும் கைக்கு வசதி என்ற பேச்சில் போகிற போக்கில் சொன்ன செய்தி இது.

தாலமியின் கையில் காந்த ஊசி கிடையாது. ஐரோப்பிய மாலுமிகள் அதனை அறிந்தது அவருக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே. இன்று நாம் துருவ நட்சத்திரம் என்று சுட்டும் மீனும் அவர் காலத்தில் வட துருவத்திலிருந்து பத்துப் பாகைக்கு மேல் விலகி நின்று சுழன்றுகொண்டிருந்தது. ஆதலின் நாம் முதலில் கூறிய இரு விடைகளும் இவருக்குப் பொருந்தா. அவர் அறிந்த உலகத்தில் பெரும்பகுதி பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தது என்பது மட்டும் உண்மை.

தாலமியின் நூலில் நம் நாடும் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினமும், கொற்கையும், பாண்டியர் மதுரையும், கருவூரும், முசிறியும் கிரேக்க உச்சரிப்பில் உருமாறி அங்கே நிற்கின்றன. இதனைப் பெருமையோடு கூறும் நம்மவர் பலர். ஆனால் அவர் எண்களைக்கொண்டு வரைந்த படத்தைப் பார்த்தவர் சிலரே. பார்த்தால் திடுக்கிடுவோம். தென்னாடு கடலுக்குள் நீண்டு இறங்கும் வடிவமே அதில் இல்லை! கடற்கரை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காக நேராகப் போகிறது. குமரி முனை நசுங்கிக் கிடக்க, இலங்கைத் தீவோ தன் உண்மை அளவினும் பன்மடங்கு பெருத்துக் கிடக்கிறது. வடக்கை மேலே வைத்த அந்தப் புகழ்பெற்ற படத்தில் நாம் கீழே இருந்தோம் என்பதைவிட, சரியாக இல்லவே இல்லை என்பதே பொருந்தும். மாலுமிகள் சொல்லக் கேட்டு எண்களாக்கியவர் அவர். பழி அவர்மேல் இல்லை.

இந்நூல் மேற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டு மறக்கப்பட்டிருந்தது. 1300-ஐ ஒட்டிக் கான்ஸ்டாண்டினோபிளில் கிரேக்கச் சுவடிகள் படங்களோடு மீண்டும் எழுதப்பட்டன. 1410-க்குள் இத்தாலியில் லத்தீன் மொழிபெயர்ப்பு முடிந்தது. பின்னர் அச்சு வந்தது. 1477-இல் போலோன்யாவிலும் 1482-இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலும் தாலமியின் படங்கள் அச்சேறின. இங்கேதான் வழக்கு ஏறக்குறையத் தீர்ந்தது எனலாம். தோலில் தீட்டிய படம் ஒரு தேவாலயத்தில் ஒரு சுவரில் இருக்கும். அச்சிட்ட படமோ நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போகும். கொலம்பஸும் அவர்க்குப் பின் வந்தோரும் புதிய நிலங்களைக் கண்டபோது, தாலமியின் கட்டங்களை விரித்து அவற்றிலேயே ஒட்டினர்.

1569-இல் மெர்க்காட்டர் என்னும் பிளாண்டர்ஸ் நாட்டவர் மாலுமிகளுக்கென ஒரு பெரிய உலகப்படம் வெளியிட்டார். ஒரே திசையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு ஓடும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக வரும். கடலோடிகளுக்கு இதனினும் வேறு வரம் வேண்டுமோ? நாளடைவில் கப்பல்களிலெல்லாம் அம்முறைப் படமே பரவியது. அதிலும் வடக்கே மேல். அம்முறையில் துருவங்களை நெருங்க நெருங்க நிலம் பெரிதாக வீங்கிக்காட்டும். ஆகவே ஐரோப்பா பருத்தும் பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நாடுகள் சிறுத்தும் தோன்றுகின்றன. ஆயினும் மெர்க்காட்டரின் நோக்கம் கப்பலுக்கு வழி சொல்வதேயன்றி நாடுகளுக்குத் தராதரம் சொல்வதன்று. பள்ளிக்கூடச் சுவரில் அதனை மாட்டியவர்களே அவ்வாறு செய்துவிட்டனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இன்று நாம் காணும் இந்தியத் தேசப்படத்தின் அளவை எங்கே தொடங்கிற்று என்று எத்தனை பேர் அறிவோம்? இமயத்தில் அன்று, டில்லியில் அன்று, கல்கத்தாவிலும் அன்று. சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில்!

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, பரங்கிமலைக்கும் அதற்குத் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே எஃகுச் சங்கிலியைக் கிடத்தி, ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சங்கிலி வெயிலில் நீளும், நிழலில் சுருங்கும். ஆகவே அதனைப் பெட்டிகளில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தனர். சித்திரை வெயிலில் அந்த வெளியில் நின்று பழகியவர்கள் அதன் அருமையை உணர்வர். அவ்வொரு கோட்டின்மீது முக்கோணங்களை அடுக்கி அடுக்கி நாடெங்கும் பரப்பியதே இந்தியப் பெருநில அளவை.

கோணங்களைப் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதனை ஏற்றும்போது கயிறு தளர்ந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் சோர்ந்துவிடவில்லை. பல வாரங்கள் கூடாரத்தில் அடைந்து கிடந்து அதன் வளையத்தைத் தம் கையாலேயே நிமிர்த்திச் செப்பனிட்டார். சமவெளியில் உயரம் வேண்டுமெனில் கோபுரங்களன்றி வேறு ஏது? தென்னாட்டின் கோயில்கள் பல, இந்தியத் தேசப்படத்திற்குப் புள்ளிகளாக நின்றவை என்பது நம்மவர் மறந்த செய்தி.

குமரிப் பகுதியிலிருந்து 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கு நோக்கி வளர்ந்த அந்த அளவை, லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட்டில் இறந்த பின்னரும் ஓயவில்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்டு 1841-இல் அதனை இமயமலை அடிவாரத்தில் கொண்டு முடித்தார். தீர்க்கரேகைக் கணக்கிற்கும் 1792-இல் கட்டிய சென்னை வானாராய்ச்சி நிலையமே நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. ஆக, அளந்தது தெற்கிலிருந்து வடக்காக. அச்சிட்டது வடக்கை மேலே வைத்து. அளந்தவர்களுக்கு இதில் முரண் ஒன்றும் தோன்றியிராது. மூன்று நூற்றாண்டு அச்சுப் பழக்கத்தில் அவர்கள் கண் அமைந்துவிட்டது.

அக்கண்ணின் பழக்கம் எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு சான்று. 1972 டிசம்பர் 7-ஆம் நாள், சந்திரனை நோக்கிச் சென்ற அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து பூமியின் முழு உருண்டையையும் படம் பிடித்தனர். எடுத்த படத்தில் தென்துருவம் மேலே இருந்தது. வெளியிட்டபோது அதனைத் திருப்பி வடக்கை மேலாக்கியே உலகுக்குக் கொடுத்தனர். மேலும் கீழும் அற்ற விண்வெளியில் எடுத்த படத்திற்கும் இந்தக் கதி! அப்படத்தின் வலப்புற மேல் ஓரத்தில் வெண்சுழலாக ஒரு புயல் தெரிகிறது. அது அந்த வாரம் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய புயலே. திருப்பாத மூலப் படத்தில் அப்புயல் இடப்புறம் கீழே இருக்கும்; கடலூரில் கூரை இழந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவில் ஸ்டூவர்ட் மெக்கார்தர் என்ற இளைஞர் 1979-இல் தெற்கை மேலே வைத்து ஓர் உலகப்படம் வெளியிட்டார். வெளிநாட்டில் மாணவராய் இருந்தபோது, 'உலகத்தின் அடியிலிருந்து வந்தவன்' என்று உடன் பயின்றோர் அவரை எள்ளினராம். நம் வகுப்புச் சிறுவனின் துயரம் உலகில் தனித்ததன்று.

தமிழ் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். நாம் நாள்தோறும் வழங்கும் திசைச் சொற்களில் இரண்டு, மேல் கீழ் என்பவற்றிலிருந்தே பிறந்தவை. மேல் என்பதிலிருந்து மேற்கு. கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மதுரையில் மேல மாசி வீதி என்றால் மேற்கு வீதி. கீழ மாசி வீதி என்றால் கிழக்கு வீதி. மேற்கே மலைத்தொடர் உயர்ந்து நிற்க, நிலம் கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. நீர் ஓடும் வழியைக் கண்டு முன்னோர் இட்ட பெயர்கள் அவை. 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதனை எடுத்துக்காட்டினார். மேலும் ஒன்று கூறினார். மலையாள நாட்டில் மலை இருப்பது கிழக்கே. ஆயினும் மலையாளிகளும் அத்திசையைக் கிழக்கு என்றே, அதாவது தாழ்ந்த திசை என்றே வழங்குகின்றனர். மலைக்கு இப்பால் பிறந்த சொல் மலையைக் கடந்து அப்பால் போனது என்பது அவர் கருத்து. நம் காலனியிலுள்ள மலையாள நண்பர்களிடம் இதனைச் சொல்லிப் பார்த்தோம், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டனர்.

வடமொழியிலோ உத்தரம் என்னும் சொல்லுக்கு வடக்கு என்பதோடு உயர்ந்தது என்ற பொருளும் உண்டு. கங்கைச் சமவெளியில் நிற்பவனுக்கு உயர்ந்த மலை வடக்கே அன்றோ? அவனவன் மலை இருக்கும் பக்கத்தை அவனவன் மேல் என்றான். நம் சிறுவனின் நண்பன் சொன்னதும் அவன் ஊர் மொழிக்குப் பொருத்தமே. நம் மொழிக்குத்தான் பொருந்தாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்சிறுவனை அழைத்து இவற்றில் அவனுக்கு விளங்கக்கூடியதைச் சொன்னோம். குளிர்காலம் வந்ததும் மாடிக்கு அழைத்துச் சென்று இரண்டு மீன்களைக் காட்டுவதாகவும் வாக்களித்தோம். டில்லியில் துருவ மீன் அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 28½ பாகை உயரத்தில் நிற்கிறது. குமரியில் அது 8 பாகைதான். அகத்தியர் மீனோ குமரியில் 29 பாகை வரை ஏறும். டில்லியில் 9 பாகையைக்கூட எட்டாது. பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி அளவில், மூடுபனி இல்லாத நாளில், தெற்கே வீட்டுக் கூரைகளை ஒட்டி அதனைக் காணலாம். ஊரில் உயர்ந்து நின்றது இங்கே தாழ்கிறது. அங்கே தாழ்ந்தது இங்கே உயர்கிறது. இதனைக் கேட்டதும் சிறுவனுக்கு முகம் மலர்ந்தது.

பின்னர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மேற்கை மேலே வைத்துத் தமிழ்நாட்டை வரையச் சொன்னோம். மலைத்தொடரை உச்சியில் தீட்டினான். காவிரியும் வைகையும் தாமிரபரணியும் உள்ளபடியே மேலிருந்து கீழே இறங்கிக் கடலில் விழுந்தன. குமரி இடப்புற ஓரத்திற்குப் போயிற்று. சென்னை வலப்புறம் கடற்கரையில் நின்றது.

"டில்லி எங்கே மாமா?" என்றான்.

"வலப்பக்கம். தாளுக்கு வெளியே போய்விட்டது" என்றோம்.

அட்சரேகையை எண்ணிப் பார்த்து, அதே அளவில் மேலும் மூன்று தாள்கள் வேண்டும் என்று கணக்கிட்டான். ஒவ்வொன்றாக வலப்புறம் ஒட்டிக்கொண்டே போனான். டில்லியைக் குறிக்கும்போது அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே உயரத்தில இருக்கே!" என்று கூவினான். குமரியும் டில்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 பாகையில் உள்ளவை. பழைய படம் இப்போது அலமாரிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நான்கு தாள் ஒட்டிய இந்தப் படம் வகுப்பறையின் நீளச் சுவரில் இருக்கிறது. குமரி ஜன்னலோரம், டில்லி கதவருகே.